முதலில் புஷ், பிறகு இன்ஜின்

பழைய மாஸ்டா மியாட்டாவை அமெச்சூர் பந்தயத்துக்குத் தயாராக்குபவரின் கை முதலில் போவது இன்ஜினுக்குத்தான். 1.6 லிட்டரை இறக்கிவிட்டு 1.8-ஐ ஏற்றினால் வேகம் கூடும், மறுக்கவில்லை. ஆனால் 1994 மாடலில் மாஸ்டாவே அந்தப் பெரிய இன்ஜினை வைத்தபோது பிரேக் டிஸ்க்கையும் பெரிதாக்கியது, பாடிக்குக் கூடுதல் முட்டும் கொடுத்தது. தயாரித்தவர்களுக்கு இருந்த கவலை நமக்கு ஏன் இல்லை? ஸ்பிரிங், டேம்பர் எல்லாம் புதிது என்பார்கள். இருக்கட்டும்; சஸ்பென்ஷன் கைகளின் மூட்டுகளில் இருக்கும் முப்பது வருட ரப்பர் புஷ் அப்படியே கிடந்தால், வளைவில் அது பிதுங்கி, பட்டறையில் அளந்து வைத்த சக்கரக் கோணத்தைக் கலைத்துவிடும். நேர்ப்பாதையில் குதிரைத்திறன்தானே முந்தும் என்பதும் பாதி நியாயமே. அந்த நேர்ப்பாதை தொடங்குவதே வளைவை விட்டு வெளியேறும் வேகத்தில்தான். இத்தனைக்கும் புஷ் செட்டின் விலை இன்ஜின் செலவில் சிறு பங்கு. துருவேறிய போல்ட்டுகளைக் கழற்றுவதுதான் பெரும்பாடு.