முகவரி கொடுக்கும் வேலையை ரவுட்டரிடம் விடுங்கள்

திருச்சி வட்டாரத்தில் கடைகள், பள்ளிகள், சிறு மருத்துவமனைகளுக்கு நெட்வொர்க் போட்டுக் கொடுப்பது என் தொழில். இன்னமும் பல இடங்களில் ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் ஐபி முகவரியைக் கையால் அடித்து வைத்திருக்கிறார்கள். கேட்டால், "அதுதான் சார் பாதுகாப்பு" என்கிறார்கள். அது பாதுகாப்பே அல்ல. கேபிளைச் செருக முடிந்தவனுக்குக் காலி எண் ஒன்றைக் கண்டுபிடித்து அடிக்க வெகுநேரம் ஆகாது.

அண்மையில் ஒரு மருத்துவமனையில் பில்லிங் கம்ப்யூட்டருக்கு இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது. ரசீதுக்காக நோயாளிகள் வரிசையில் நின்றார்கள். புது லேப்டாப் ஒன்றில் யாரோ 192.168.1.25 என்று அடித்திருந்தார்கள். பில்லிங் கம்ப்யூட்டருக்கும் அதே எண். எந்த எண் எதற்கு என்ற கணக்கு பழைய டெக்னீஷியனுக்கு மட்டுமே தெரியும். அவர் வேலையை விட்டுப் போய்விட்டார்.

இந்தத் தொல்லைக்கு 1993-லேயே வழி வந்துவிட்டது: டிஎச்சிபி. நெட்வொர்க்கில் நுழையும் கருவி தனக்கு முகவரி வேண்டும் என்று பொதுவாகக் கேட்கும். காலியாக உள்ள ஒன்றை ரவுட்டர் காட்டும். கருவி அதையே கேட்டு வாங்க, ரவுட்டர் உறுதி செய்யும். எல்லாம் குத்தகைக் கணக்குதான். பாதிக் காலம் கழிந்ததும் கருவியே புதுப்பித்துக்கொள்ளும். ஒரே எண்ணை இருவருக்குக் கொடுக்காமல் பார்த்துக்கொள்வது ரவுட்டரின் பொறுப்பு.

"பிரிண்டர் எண் மாறினால் பிரிண்ட் வராதே" என்ற பயம் நியாயமானது. அதற்காக எல்லாக் கம்ப்யூட்டரிலும் கையால் அடிக்க வேண்டியதில்லை. பிரிண்டர், கேமரா ரெக்கார்டர் போன்றவற்றின் மேக் முகவரியை (கருவிக்கே உரிய அடையாள எண்ணை) ரவுட்டரில் பதிந்து, ஆளுக்கொரு எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடலாம். இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: மாடிக்கு வைஃபை எட்டவில்லை என்று இரண்டாவது ரவுட்டர் வாங்கி அதே நெட்வொர்க்கில் சேர்த்தால், அதில் டிஎச்சிபியை அணைத்துவிட வேண்டும். முகவரி கொடுப்பவர் இருவரானால் பழைய குழப்பம் திரும்பும்.

பாதுகாப்பு வேண்டுமா? வலுவான வைஃபை பாஸ்வேர்டு வையுங்கள்; வந்து போகிறவர்களுக்குத் தனி நெட்வொர்க் கொடுங்கள்.

நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் ரவுட்டரின் அட்மின் பாஸ்வேர்டையும், நிரந்தரமாக ஒதுக்கிய எண்களின் பட்டியலையும் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். அது கைக்கு வராமல் என்னைப் போன்றவர்களுக்குப் பணம் கொடுக்காதீர்கள். நெட்வொர்க் உங்களுடையது; அதன் கணக்கும் உங்களிடம்தான் இருக்க வேண்டும்.