ஐம்பது பிரதி போதும்!

"சொந்தக் காசுல போட்ட புத்தகங்க…" என்று சொல்லும்போது பலருக்கும் குரல் தானாக இறங்கிவிடுகிறது. "ஏன், பதிப்பகம் எதுவும் எடுத்துக்கலையா?" என்று எதிரில் இருப்பவர் கேட்டுவிடுவாரோ என்ற கூச்சம். கடலூர், சிதம்பரம் பக்கம் கதை, கவிதை, ஊர் வரலாறு, குலதெய்வக் கதை என்று எழுதி எழுதி டைரியிலும் நோட்டிலும் பூட்டி வைத்திருப்பவர்கள் நிறைய பேர் உண்டு. ரிட்டயரான வாத்தியார்கள், வங்கி ஊழியர்கள், மத்தியானச் சாப்பாட்டுக்கும் பிள்ளைகள் பள்ளி விட்டு வருவதற்கும் நடுவில் எழுதுகிற அம்மாக்கள். நானும் அந்தக் கூட்டத்தில் ஒருத்திதான். அதனால் இந்த வாரம் அதைப் பற்றியே பேசலாமே!

முதலில் அந்தக் கூச்சத்தை ஓரமாக வைப்போம். நம் மாவட்டத்துக்காரர்களுக்கு அது தேவையே இல்லை. ஏன் என்று சொல்கிறேன்.

ஒருவேளைச் சோறு

வடலூருக்குப் பக்கத்தில் இருக்கிறது கருங்குழி. சென்னையை விட்டு வந்த வள்ளலார் 1860-களில் அங்கேதான் தங்கியிருந்தார். சிதம்பரத்துக்குப் போவதும் வருவதும் பாடுவதுமாக இருந்த காலம். அச்சு என்பது அவருக்குப் புதிதல்ல. 1851-லேயே 'ஒழிவிலொடுக்கம்' என்ற பழைய நூலைப் பதிப்பித்தவர் அவர். ஆனால் தன் பாட்டை அச்சில் போடுவதென்றால் மட்டும் பிடி கொடுக்க மாட்டார்.

சென்னையில் இருந்த அன்பர் இறுக்கம் இரத்தின முதலியார் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டுக் கேட்டுப் பார்த்தார். கடைசியில், பாடல்கள் அடங்கிய கட்டு கைக்கு வந்து சேரும் வரை தினம் ஒருவேளை மட்டுமே சாப்பிடுவேன் என்று எழுதிவிட்டார். அதைப் படித்த பிறகு வள்ளலாருக்கு மனசு கேட்கவில்லை. வேளை தவறாமல் சாப்பிடும்படி பதில் எழுதினார். தன் பெயரோடு 'சாமி' என்று சேர்த்துப் போடக் கூடாது என்பதிலும் கறாராக இருந்தார். 1867-ல் தொழுவூர் வேலாயுத முதலியார் பதிப்பாகத் திருவருட்பாவின் முதல் நான்கு திருமுறைகள் வெளிவந்தன. ஐந்தாம் திருமுறை 1880-லும் ஆறாம் திருமுறை 1885-லும் வந்தபோது பாடியவர் இல்லை.

இன்று அந்தப் பாட்டு நம் ஊர்ப் பக்கம் எத்தனை வீட்டில் ஒலிக்கிறது என்று உங்களுக்கே தெரியும். அதற்குப் பின்னால் பெரிய வியாபாரக் கணக்கு எதுவும் இல்லை. படிக்கக் காத்திருந்த ஒரு மனிதரின் பிடிவாதம் இருந்தது.

மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும்

இன்னொருவர் கதை இதற்கு நேர்மாறு. புதுச்சேரியிலிருந்து கிளம்பிய பாரதியார் 1918 நவம்பர் 20-ல் கைதானார். டிசம்பர் 14 வரை கடலூர் சிறையில் இருந்தார். விடுதலையாகிக் கடையம் போனவர், 1920-ல் ஒரு திட்டம் போட்டார். தன் எழுத்தையெல்லாம் 40 புத்தகங்களாகப் பிரிப்பது, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதி அச்சிடுவது. மொத்தம் 4 லட்சம் பிரதி! மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போல வீட்டுக்கு வீடு போய்ச் சேரும் என்று நம்பினார். கைமுதலுக்கு 20,000 ரூபாய் வேண்டும் என்று தெரிந்தவர்களுக்கெல்லாம் சுற்றறிக்கை அனுப்பினார்.

பணம் வரவில்லை. 1921 செப்டம்பரில் அவரே போய்விட்டார். கணக்கு என்னவோ சரிதான், இன்றைக்கு அவர் புத்தகம் தீப்பெட்டி போலத்தான் எல்லா ஊரிலும் கிடைக்கிறது. ஆனால் அதைப் பார்க்க அவர் இல்லை. எழுதியது பாரதியே ஆனாலும், பெரிய எண்ணிக்கையில் தொடங்கினால் அச்சகத்து வாசலைத் தாண்டுவதே கஷ்டம்.

உ.வே.சா. வேறு வழி பார்த்தார். 1887-ல் சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும்போது, 'புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன்' என்று முன்கூட்டியே பலரிடம் கையொப்பம் வாங்கிக்கொண்டார். இன்று இணையத்தில் 'முன்பதிவு' என்கிறோமே, அதற்கு அன்றைய பெயர் கையொப்பம். அவர்தான் பிறகு 1924 முதல் 1927 வரை சிதம்பரத்தில் மீனாட்சி தமிழ்க் கல்லூரியின் முதல்வராக இருந்தவர்.

சி.சு. செல்லப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 1959-ல் 'எழுத்து' பத்திரிகையைச் சொந்த முயற்சியில் தொடங்கி 1970 வரை நடத்தியவர். புத்தக மூட்டையைத் தானே சுமந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றவர். எண்பது வயதைத் தாண்டிய பிறகு, 'சுதந்திர தாகம்' என்ற மூன்று பாக நாவலைத் தானே வெளியிட்டார். 1998-ல் காலமானார். 2001-ல் அந்த நாவலுக்கு சாகித்ய அகாதமி விருது கிடைத்தது. சொந்தக் காசில் போட்ட புத்தகம்தான் அதுவும்.

எத்தனை எழுதினோம் என்பதா கணக்கு?

கடலூருக்கு ஒரு பெருமை உண்டு. புதுமைப்பித்தன் பிறந்தது 1906 ஏப்ரல் 25, திருப்பாதிரிப்புலியூரில். ஜெயகாந்தன் பிறந்தது 1934 ஏப்ரல் 24, மஞ்சக்குப்பத்தில். ஒரே ஊரின் இரண்டு பேட்டைகள், அடுத்தடுத்த தேதிகள். "இப்பேர்ப்பட்ட ஊர்ல இருந்துகிட்டு நாம என்னத்த எழுதிக் கிழிச்சிட்டோம்?" என்று ஒரு சிநேகிதி அலுத்துக்கொண்டாள்.

அவளுக்கு நான் சிதம்பரத்து மௌனியைச் சொன்னேன். சிதம்பரத்தில் நெல் மில்லைக் கவனித்துக்கொண்டு வாழ்ந்த மனிதர். 1985-ல் காலமாகும் வரை அவர் எழுதியவை மொத்தமே இரண்டு டஜன் கதைகள்தான். அந்த இரண்டு டஜனை விட்டுவிட்டுத் தமிழ்ச் சிறுகதையைப் பற்றி இன்றும் யாராலும் பேச முடியவில்லை. நாமெல்லாம் மௌனி ஆகிவிடப் போவதில்லை. ஆனால் வேலையும் குடும்பமும் போக மிஞ்சிய நேரத்தில் கொஞ்சமாக எழுதுவது ஒன்றும் கேவலம் இல்லை என்று அவரைப் பார்த்துத் தைரியம் கொள்ளலாம்.

சரி, எப்படிப் போடுவது?

இனி வீட்டுக் கணக்குக்கு வருவோம். அச்சகத்தில் போய் நின்றதும் காதில் விழும் முதல் வார்த்தை 'பாரம்'. பதினாறு பக்கம் ஒரு பாரம். ஆறு பாரம் என்றால் 96 பக்கம். 97 பக்கம் எழுதிக்கொண்டு போனால் ஏழாவது பாரம் விழும், மீதிப் பக்கம் வெள்ளையாகப் போகும். அதனால் பக்கங்களைப் பதினாறின் மடங்காக அமைத்துக்கொள்வது நல்லது.

அடுத்த கேள்வி, "எத்தனை காப்பி போடணும்மா?" ஆஃப்செட் முறையில் பிளேட் போடும் செலவு 100 பிரதிக்கும் ஒன்றுதான், 1,000 பிரதிக்கும் ஒன்றுதான். ஆகவே அதிகம் போட்டால் ஒரு பிரதியின் அடக்க விலை இறங்கும். "இன்னும் கொஞ்சம் போட்டா ஆயிரமா போட்டுடலாம்மா" என்பார்கள். கேட்க நன்றாக இருக்கும். மீதி 800 கட்டிலுக்கு அடியில் கரையானுக்குப் போகும். டிஜிட்டல் பிரிண்டில் பிளேட் கிடையாது. ஒரு பிரதியின் விலை கூடத்தான் இருக்கும். ஆனால் ஐம்பது மட்டும் போட்டுக்கொள்ளலாம், தீர்ந்தால் இன்னொரு ஐம்பது. குடும்பப் பணத்தில் விளையாடாமல் புத்தகம் போட நம்மைப் போன்றவர்களுக்கு இதுவே வழி.

ஐ.எஸ்.பி.என். எண் வாங்கித் தருகிறேன் என்று யாராவது காசு கேட்டால் கொஞ்சம் யோசியுங்கள். மத்திய அரசின் ராஜா ராம்மோகன் ராய் ஐ.எஸ்.பி.என். முகமை அதை இலவசமாகவே தருகிறது. தனி எழுத்தாளரே ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். காப்புரிமை பற்றியும் பயப்பட வேண்டாம். எழுதிய அன்றே அது உங்களுடையது. நம் காலத்துக்குப் பிறகும் 60 ஆண்டு வாரிசுகளுக்கு உண்டு. பதிவு செய்தால்தான் உரிமை என்று சட்டத்தில் இல்லை.

பலருக்குத் தெரியாத இன்னொரு விஷயமும் இருக்கிறது. 1954-ம் வருடத்துச் சட்டம் ஒன்றின்படி, இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு புத்தகத்திலும் ஒரு பிரதி கொல்கத்தா தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். சென்னை கன்னிமாரா உட்பட மற்ற மூன்று நூலகங்களுக்கும் ஒவ்வொன்று. அனுப்ப வேண்டியது வெளியிடுபவரின் பொறுப்பு. சொந்தமாகப் போடும்போது வெளியிடுபவர் நீங்கள்தானே! தபால் செலவைப் பார்க்காமல் அனுப்பிவிடுங்கள். உங்கள் பேத்தி ஒருநாள் எழும்பூரில் போய்த் தேடினால் பாட்டியின் புத்தகம் கையில் கிடைக்கும்.

பிழை திருத்துவதில் மட்டும் சிக்கனம் வேண்டாம். பழைய ஃபான்டில் அடித்ததை யூனிகோடுக்கு மாற்றும்போது எழுத்துகள் உடைந்து நிற்கும். ஒற்று காணாமல் போகும். நாமே எழுதியதை நாமே பார்த்தால் கண் பழகிப்போய்த் தாண்டிவிடும். வாய்விட்டுப் படியுங்கள், வேறொருவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

நான் என்ன எழுதுகிறேன்?

2011 டிசம்பர் 30 விடியற்காலை. தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. தாத்தா வைத்த மரத்தில் பேரன் காய் பறித்த தோப்புகள் அவை. பேப்பரில் ஏக்கர் கணக்கு வந்தது, நிவாரணத் தொகை வந்தது. விழுந்த மரத்தின் மேல் உட்கார்ந்து ஒருத்தர் என்ன பேசினார், கரண்ட் இல்லாத அந்த நாட்களில் தெருவே சேர்ந்து எப்படிச் சமைத்தது என்பதெல்லாம் எந்தப் பேப்பரிலும் இல்லை. சென்னைப் பதிப்பகம் எதுவும் அதைத் தேடிக்கொண்டு நம் தெருவுக்கு வரப்போவதும் இல்லை. எழுதினால் நாம்தான் எழுத வேண்டும்.

அதைத்தான் இரண்டு வருடமாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். எங்கள் தெருவின் பதினெட்டு பேர் சொன்னது, ஆறு பாரத்துக்குள். அதில் பாதி, எதிர்வீட்டு அத்தை சொன்னவை. எண்பதைத் தாண்டியவர். ஒரு கண்ணில் ஆபரேஷன் ஆகிவிட்டது, இன்னொன்று மங்கிக்கொண்டு வருகிறது. பார்க்கும்போதெல்லாம் ஒரே கேள்விதான். "எப்படி, புக்கு வந்துடுச்சா? கண்ணு தெரியறப்பவே போட்டுடுடி. எழுத்தைக் கொஞ்சம் பெருசா போடச் சொல்லு."

சொந்தக்காரர் ஒருவர், "இதை யாரு வாங்கப்போறா?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான், வாங்குகிறவர்களை என்னால் எண்ணிச் சொல்ல முடியாது. காத்திருப்பவர் யார் என்று கேட்டால் சொல்ல முடியும். அத்தைக்காக எழுத்தின் அளவைப் பதினான்கு பாயிண்டாக ஏற்றச் சொல்லிவிட்டேன். அதனால் ஆறு பாரம் எட்டாகிறது. 128 பக்கம், 50 பிரதி. சீட்டுப் பணம் அதற்குச் சரியாக இருக்கும். வெளியீட்டு விழா, பொன்னாடை எதுவும் கிடையாது. முதல் பிரதி தெருவைக் கடந்து எதிர்வீட்டுத் திண்ணைக்குப் போகும். பொங்கலுக்குள் அது நடந்தாக வேண்டும். அத்தையின் கண் அதற்கு மேல் தவணை தருமா என்று டாக்டரே உறுதி சொல்லவில்லை.

உங்களிடமும் ஒரு நோட்டு இருக்கும். பதிப்பகத்துக்கு அனுப்புவதும் சொந்தமாகப் போடுவதும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். இந்த வாரம் அதிலிருந்து நான்கு பக்கத்தை எடுத்து, அதைக் கேட்க ஆசைப்படுகிற ஒருவருக்குப் படித்துக் காட்டுங்கள். "மீதி எங்கே?" என்று அவர் கேட்டால் அச்சகத்துக்குக் கிளம்பலாம். கேட்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் எழுதலாம். அதுவும் நல்லதுதானே?

அடுத்த வாரம், அட்டைப் படத்துக்கு யாரைப் பிடிப்பது என்ற பெரிய பஞ்சாயத்தோடு வருகிறேன்.