எனக்கு யார்மீதும் கோபமில்லை

ஞாயிறு திருப்பலி முடிந்து கோவில் வாசலில் நாம் நிற்கும்போது, மக்கள் சொல்லிச் செல்லும் வாக்கியங்கள் இரண்டு மூன்றுதான். ‘பூசை இன்னைக்கு நல்லா இருந்துச்சு சாமி’ என்பார் ஒருவர். பாடகர் குழு புதிய பாடலைப் பிசகின்றிப் பாடியிருக்கும். ‘மனசுக்கு ஒரு நிறைவே இல்லை சாமி’ என்பார் மற்றொருவர். ஒலிபெருக்கி இரைந்திருக்கும், அல்லது நமது மறையுரை நீண்டிருக்கும். இரு தீர்ப்புகளுக்கும் அளவுகோல் ஒன்றே: நெஞ்சில் என்ன உணர்வு எழுந்தது என்பது. அந்த அளவுகோல் தவறானது என்பதைச் சொல்லவே இக்கட்டுரையை எழுதுகிறோம். பங்கு மக்களில் சிலர் வருந்தக்கூடும். உடன் குருக்களில் சிலரும் வருந்தக்கூடும். வருந்தட்டும்.

உள்ளத்தோடு வழிபடவேண்டும் என்பதில் எவர்க்கும் கருத்து வேறுபாடில்லை. இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963 டிசம்பர் 4 அன்று வெளியிட்ட திருவழிபாடு பற்றிய கொள்கைத் திரட்டு, இறைமக்கள் முழுமையாகவும் உணர்ந்தும் செயலாலும் பங்கேற்கவேண்டும் என்று கேட்டது. அதன் பின்னரே இலத்தீன் ஒதுங்கித் தமிழ் பீடமேறியது. அறுபது ஆண்டுகளுக்கு மேலாக இப்பங்கேற்பைப் பற்றி நாம் பேசி வருகிறோம். ஆனால் பேச்செல்லாம் எதைச் சுற்றி? கீபோர்டு வேண்டுமா, ஆர்மோனியம் போதுமா, கைதட்டலாமா, கூடாதா, நற்கருணையைக் கையில் வாங்குவதா, நாவில் வாங்குவதா. குருக்கள் கூட்டங்களில் நாமும் இவற்றிற்காகக் குரல் உயர்த்தியதுண்டு. அந்நேரத்தில் வேறு எதைப் பேசாதிருந்தோம் என்பதை இப்போது எண்ணிப் பார்க்கிறோம்.

விவிலியம் இதயத்தைப் பற்றிப் பேசும்போது நாம் நினைப்பதை அது நினைப்பதில்லை. எபிரேயர் உணர்ச்சிகளைப் பெரும்பாலும் குடலோடும் சிறுநீரகத்தோடும் சேர்த்துச் சொன்னார்கள். இதயம் என்பது அவர்களுக்கு எண்ணிப் பார்க்கும் இடம், முடிவெடுக்கும் இடம். எனவே இறைவாக்கினர் எசாயா, இம்மக்களின் உதடுகள் அருகிலும் இதயம் தொலைவிலும் இருக்கின்றன என்று குறைகூறியபோது, உருக்கம் போதவில்லை என்பது அவருடைய குற்றச்சாட்டன்று. எருசலேம் ஆலயத்தில் உருக்கத்திற்குக் குறைவிருந்ததாக நூலில் எங்கும் இல்லை. பலிகள் குவிந்தன, புகை எழுந்தது, திருநாள்கள் தவறவில்லை. அநாதைக்கும் கைம்பெண்ணுக்கும் நீதி மட்டும் கிடைக்கவில்லை. ஆமோஸ் இன்னும் கடுமையாகப் பேசினார். பாடல்களின் இரைச்சலையே அகற்றச் சொன்னார். இன்று நம் பாடகர் குழுக்களுக்கு அவரைப் பயிற்சியாளராக அனுப்பினால் எத்தனை ஞாயிறு தாங்குவார்கள் என்பது ஐயமே.

மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் ஆண்டவர் பலிபீடத்தைக் குறித்துச் சொன்ன சொற்களை இங்கே எடுத்துக்கொள்வோம். காணிக்கையோடு பீடத்தண்டை வந்து நிற்கும் ஒருவனுக்குத் தன் சகோதரனைப் பற்றிய நினைவு வருகிறது. காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாகுமாறு ஆண்டவர் சொல்கிறார். இதை நாம் நூறு முறை கேட்டிருக்கிறோம். ஆயினும் இரு செய்திகள் நம் செவியில் விழுவதில்லை.

முதலாவது தொலைவு. இச்சொற்களைக் கேட்டவர்கள் கலிலேய மக்கள். பலிபீடமோ எருசலேமில். இடையே மூன்று நான்கு நாள் நடை. சகோதரன் கலிலேயாவில் இருந்தால், காணிக்கையைப் பீடத்தண்டை விட்டுவிட்டு ஊர் திரும்பி, அவனோடு பேசி முடித்து, மீண்டும் நடந்து வரவேண்டும். ஏறத்தாழ ஒரு வாரம். பலி காத்திருக்கட்டும் என்கிறார் ஆண்டவர். வழிபாட்டை இத்துணைத் துணிவோடு நிறுத்தி வைத்தவர் வேறெவரும் இருப்பதாக நமக்குத் தெரியவில்லை.

இரண்டாவது இன்னும் நுட்பமானது. ‘உனக்கு உன் சகோதரன்மீது மனத்தாங்கல் இருந்தால்’ என்று ஆண்டவர் கேட்கவில்லை. அவனுக்கு உன்மீது இருந்தால் என்றே கேட்டார். வேறோர் இடத்தில், மாற்கு நற்செய்தியில், நமக்குப் பிறர்மீதுள்ள மனக்குறையை மன்னித்துவிட்டு மன்றாடச் சொல்கிறார், அது உண்மையே. ஆனால் பீடத்தண்டை நிற்பவனிடம் அவர் கேட்பது மறுபுறத்துக் கேள்வி. ‘எனக்கு யார்மீதும் கோபமில்லை சாமி’ என்று ஒப்புரவுத் தொட்டியில் முழந்தாளிட்டுச் சொல்வோர் பலர். பொய் சொல்லுகிறார்கள் என்று நாம் கருதவில்லை. உண்மையிலேயே கோபமில்லை. அடித்தவனுக்குக் கோபம் எதற்கு? அடிபட்டவனுக்கன்றோ அது இருக்கும்.

நாம் பணியாற்றும் பங்கில் நடப்பதைச் சொல்வோம். பத்து நாள் திருவிழா. ஒன்பதாம் நாள் மாலை தேர். ஊரின் நான்கு தெருக்களைச் சுற்றிவரும் மாதாவின் தேர், தலித் கிறிஸ்தவர் குடியிருக்கும் கீழத்தெருவின் முனைவரை சென்று, அங்கே திரும்பிவிடும். கீழத்தெரு மக்கள் முனையில் வந்து நின்று, உப்பும் மிளகும் தூவி, கும்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களிடம் திருவிழா வரி வாங்குவதில்லை. வந்த புதிதில் இது ஏதோ சலுகை என்று எண்ணினோம். வரி கொடாதவர்க்குத் திருவிழாக் கூட்டத்தில் பேச்சில்லை என்பது பிறகே விளங்கிற்று.

பங்குப் பேரவையில் இதைக் கேட்டோம். மூத்தவர் ஒருவர் எழுந்தார். ‘கீழத்தெருக்காரங்க மேல எங்களுக்கு ஒரு கோபமும் கிடையாது சாமி. கரண்டு கம்பி தாழ்வாக் கிடக்கு. அவ்வளவுதான்’ என்றார். ஒரு நாள் மாலை உபதேசியாரோடு மூங்கில் கழியொன்றை எடுத்துக்கொண்டு போய் அளந்தோம். கீழத்தெருக் கம்பி, ரேஷன் கடைக்கு எதிரே தேர் ஆண்டுதோறும் கடந்து செல்லும் கம்பியைவிட ஒரு முழம் உயர்ந்தே இருந்தது. அடுத்த கூட்டத்தில் சொன்னோம். ‘வழக்கம் சாமி’ என்றார், அமர்ந்துவிட்டார்.

இப்பெரியவரை வெளிவேடக்காரர் என்று வாசகர்கள் எண்ணிவிடக் கூடாது. நாள்தோறும் திருப்பலிக்கு வருபவர். முதல் வெள்ளி தவறாமல் பாவசங்கீர்த்தனம் செய்பவர். தவக்காலச் சிலுவைப் பாதையில் ஆண்டவர் தம் தாயைச் சந்திக்கும் நிலையில் அவர் கண்கள் கலங்குவதை நாமே பார்த்திருக்கிறோம். அவருடைய பக்தி நடிப்பன்று. நம்மை அச்சுறுத்துவதே அதுதான். கண்ணீர் உண்மை, செபம் உண்மை, முனையில் திரும்பும் தேரும் உண்மை. இம்மூன்றும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று இடிக்காமல் குடியிருக்கின்றன. உணர்வின் உண்மையை மட்டும் வைத்து வழிபாட்டை அளப்பவர்கள் இதற்கு என்ன விடை சொல்வார்கள்?

வரலாறும் இதையே காட்டுகிறது. நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் கோவில் சாதிக்கொரு பக்கமாக, நடுவே சுவர் வைத்து எழுப்பப்பட்டது. அச்சுவர் 1910-இல் இடிக்கப்பட்டபோது, தனித்து நின்று வழிபடுவது தங்கள் உரிமை என்று ஒரு சாதியார் வழக்குத் தொடுத்தனர். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்று தோற்றது. வழக்காடியவர்கள் விசுவாசத்தை விட்டவர்கள் அல்லர். வழிபாட்டின்மேல் கொண்ட பற்றினாலேயே நீதிமன்றம் ஏறினார்கள். நூறாண்டுக்கு மேலாயிற்று. இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் தலித் மக்கள் மேம்பாட்டுக்கான கொள்கையை வெளியிட்டபோது, தீண்டாமையும் பாகுபாடும் திருச்சபைக்குள் இன்னும் உண்டு என்று ஒப்புக்கொள்ள நேர்ந்தது. கற்சுவர் போனபின் கம்பியளவு உயரத்தில் கண்ணுக்குத் தெரியாத சுவர் நிற்கிறது.

‘கோவிலுக்குள் சாதிப் பேச்சு எதற்கு? வழிபாடு வேறு, சமுதாயச் சிக்கல் வேறு’ என்று நமக்கு அறிவுரை சொன்னவர்கள் உண்டு. அவர்களில் இருவர் குருக்கள். அவர்கள் கொரிந்தியருக்கு எழுதப்பட்ட முதல் திருமுகத்தின் பதினோராம் அதிகாரத்தை மறுபடியும் திறந்து பார்க்கட்டும். வசதியுள்ளோர் முந்தி வந்து உண்டு குடித்தனர். வறியோர் பசியோடு இருந்தனர். பவுல் அடிகளார் இதை உணவுச் சிக்கல் என்று தள்ளிவிடவில்லை. நீங்கள் உண்பது ஆண்டவரின் விருந்தே அன்று என்ற பொருளில் எழுதினார். நற்கருணை ஏற்பாட்டைப் பற்றி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய எழுத்துச் சான்று, இந்தப் பந்திப் பாகுபாட்டைக் கண்டித்த இடத்தில்தான் வருகிறது. கொரிந்தியர் ஒழுங்காகப் பரிமாறியிருந்தால் அவ்வரிகள் நமக்குக் கிடைத்திருக்குமோ என்னவோ!

வேறொரு மறுப்பு நேர்மையானது. அதை எளிதில் தள்ள முடியாது. எல்லாருடனும் ஒப்புரவான பின்புதான் பீடத்தை அணுகலாம் என்றால் யாரால் அணுக முடியும்? நம் திருப்பலியே பாவ அறிக்கையோடு தொடங்கவில்லையா? ஆம். தூயவர்களாக வந்து நிற்குமாறு எவரும் கேட்கவில்லை. ஆயக்காரன் தூயவனாகப் போய் நிற்கவுமில்லை. ஆனால் தன்மீது எவர்க்கு என்ன குறை என்பதை அறிந்தவனாக நின்றான். பரிசேயனுக்கும் யார்மீதும் கோபமில்லை. பின்னால் நின்றவனைப் பார்த்து, தான் அவனைப் போல் இல்லாததற்கு நன்றி கூறியதோடு சரி. பகை முழுதும் தீர்ந்திருக்க வேண்டும் என்பதன்று ஆண்டவர் கேட்பது. எழுந்து நட என்கிறார். புறப்படச் சித்தமாயிருக்கும் அந்நிலையையே உள்ளத்தின் வழிபாடு என்று நாம் அழைக்க விரும்புகிறோம். கால் நகராத நெஞ்சுருக்கத்தை என்ன பெயரிட்டு அழைப்பதென்று தெரியவில்லை.

திருச்சபை இதனை மறந்துவிடவில்லை. சடங்கிலேயே அதற்கு இடம் வைத்தது. புனித யுஸ்தீன் ஏறத்தாழ கி.பி. 155-இல் உரோமையில் எழுதியபோது, மன்றாட்டுகள் முடிந்ததும் ஒருவரையொருவர் முத்தமிட்டு வாழ்த்தினர் என்றும், அதற்குப் பின்னரே அப்பமும் கிண்ணமும் கொண்டுவரப்பட்டன என்றும் குறிப்பிடுகிறார். கீழைத் திருச்சபைகள் இன்றும் சமாதானத்தை நற்கருணை மன்றாட்டுக்கு முன்பே பகிர்கின்றன. நம் உரோமை வழிமுறையில் அது நற்கருணை உட்கொள்வதற்குச் சற்று முன் வருகிறது. 2014-இல் திருவழிபாட்டுப் பேராயமும் அவ்விடத்தையே உறுதி செய்தது. இடம் எதுவாயினும் நாம் செய்வது என்ன? வலப்புறம் ஒரு கைகூப்பல், இடப்புறம் ஒரு கைகூப்பல், பின்புறம் பாதித் திரும்பல். ஐந்து நொடிகளில் முடிந்துவிடுகிறது. யாரோடு சமாதானம் பகிரவேண்டுமோ அவர் நிற்கும் பக்கத்தில் நாம் நிற்பதே இல்லை. பங்காளியோடு கிணற்றுப் பங்கில் வழக்கு என்றால் அவர் முதல் பூசைக்கு, இவர் இரண்டாம் பூசைக்கு. கீழத்தெரு மக்கள் வடக்கு வாசல் ஓரம், மற்றவர் நடுவில். எவரும் அவர்களை அங்கே நிற்கச் சொல்லவில்லை. கேட்டுப் பார்த்தோம், உண்மையாகவே எவரும் சொல்லவில்லை.

இவ்வளவும் எழுதுகிற நாம் என்ன செய்தோம்? மிலான் ஆயர் புனித அம்புரோஸ், தெசலோனிக்காவில் மக்களைக் கொன்று குவிக்கச் செய்த பேரரசர் தெயோதோசியுவுக்கு 390-ஆம் ஆண்டு மடல் எழுதினார். பேரரசர் மனம் வருந்தும்வரை அவர் முன்னிலையில் தம்மால் பலி நிறைவேற்ற இயலாது என்றார். பேரரசரும் பணிந்து தவம் செய்தார். இதை நாம் குருமடத்தில் தேர்வுக்காகப் படித்து நல்ல மதிப்பெண் பெற்றோம். பங்குப் பேரவை உறுப்பினர் பதினெட்டுப் பேர் முன்னிலையில் அதில் ஒரு சொல்லும் நினைவுக்கு வரவில்லை. முதல் ஆண்டு அளந்த கழியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெள்ளைக் காப்பா அணிந்து, தேரை மந்திரித்து அனுப்பிவைத்தோம். இரண்டாம் ஆண்டும் அப்படியே.

அந்த இரண்டாம் ஆண்டில், தேர் புறப்படுமுன் கீழத்தெரு மூதாட்டி ஒருவர் நம்மிடம் வந்து, தேர் முனைக்கு எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டார். கால் வலி; முன்கூட்டியே வந்து நின்றால் தாங்காதாம். தேர் தம் வாசலுக்கு வரலாமே என்ற எண்ணம் அவர் முகத்தில் இம்மியும் இல்லை. எட்டு மணி என்றோம். அவருடைய மகன் சென்னையில் வேலை பார்க்கிறார். கிறிஸ்துமசுக்கு வருவார், திருவிழாவுக்கு மட்டும் வருவதில்லை. காரணத்தை நாம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும். சகோதரனுக்கு நம்மீது என்ன இருக்கிறது என்று போய்க் கேட்கும்படி மறையுரையில் சொன்னவர்கள் நாம்தாமே.

இவ்வாண்டுத் திருவிழாக் கூட்டத்தில் சொல்லிவிட்டோம். வரி எல்லாரிடமும் வாங்கப்படும். தேர் கீழத்தெருவுக்குள் சென்று வரும். இல்லையேல் கொட்டகையிலேயே நிற்கும். திருப்பலி உண்டு, நவநாள் உண்டு, தேர் இல்லை. கொட்டகைச் சாவி நம்மிடம் இருக்கிறது. ஆயர் இல்லத்திற்கு மனு போயிருப்பதாகக் கேள்வி.

மூன்று நாள் கழித்து, காலைத் திருப்பலி முடிந்து, அப்பெரியவர் சக்ரீஸ்து அறைக்கு வந்தார். சண்டைக்கு வந்தவராகத் தெரியவில்லை. வெகுநேரம் நின்றார். ‘அவங்களுக்கு எங்க மேல என்ன இருக்குன்னு நான் எப்படிச் சாமி போய்க் கேக்குறது?’ என்றார்.

‘தெரு தெரியுமல்லவா?’ என்றோம்.

‘பொறந்ததுலேருந்து முனையைத் தாண்டி அந்தத் தெருவுக்குள்ள கால் வச்சதில்லை சாமி’ என்றார்.

நாமும் உடன் வருவதாகச் சொன்னோம். பதில் சொல்லாமல் போனார். கொடியேற்றத்துக்கு இன்னும் பத்தொன்பது நாள்கள் இருக்கின்றன.