பந்தி நடுவே அடுப்பைக் கழற்றலாமா?

உங்கள் வீட்டில் பெண்ணோ பிள்ளையோ கம்ப்யூட்டர் உத்தியோகத்தில் இருக்கிறார்களா? இந்த வாரம் அவர்களையும் கூப்பிட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள். வீட்டிலிருந்தபடியே இணையத்தில் புடவைக் கடை நடத்தும் சகோதரிகளுக்கோ, இது சொந்த விஷயம்.

காலை பதினொன்றரை மணி. ஆர்டர்கள் வந்துகொண்டிருக்கின்றன. திடீரென்று கடை நின்றுவிடுகிறது. யாரும் எதையும் தொடவில்லை! பின் என்னதான் நடந்தது?

ஆர்டர், விலாசம், பணம் எல்லாவற்றையும் ஓயாமல் எழுதிவரும் கணக்குப்பிள்ளைக்கு டேட்டாபேஸ் என்று பெயர். அவர் குடியிருக்கும் யந்திரம்தான் ஸர்வர். உபுண்டு ஸர்வர்களில், பாதுகாப்புத் திருத்தங்களை யாரையும் கேட்காமலே கொண்டுவந்து போடும் வேலையாள் ஒருவன் உண்டு. நல்லவன்தான். ஆனால் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸுக்கே திருத்தம் வந்துவிட்டால், அதை நிறுத்தி மறுபடி கிளப்புவான். பந்தி நடக்கையில் அடுப்பைக் கழற்றுகிற கதை! பாதி எழுதிய கணக்கை டேட்டாபேஸ் தானே ரத்துசெய்துவிடும். அந்தமட்டில் அது யோக்கியம். காத்திருந்த வாடிக்கைக்காரி வேறு கடைக்குப் போய்விடுவாளே, அதற்கு என்ன செய்வது?

அதென்ன பதினொன்றரை என்கிறீர்களா? அந்த வேலையாள் வருவது காலை 6 மணிக்கும் 7 மணிக்கும் இடையில். வாடகை ஸர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது. அங்கே விடியற்காலை 6 என்றால் இங்கே 11.30.

அப்படியானால் அவனை வேலையை விட்டே நீக்கிவிடலாமே என்று தோன்றும். வேண்டாம், அம்மா! 2017 மார்ச் 14-ல் மைக்ரோஸாப்ட் ஒரு திருத்தத்தை வெளியிட்டது. அதைப் போட்டுக்கொள்ளாத யந்திரங்களை மே 12-ல் வானாக்ரை என்ற கொள்ளைக்கார நிரல் பூட்டிவிட்டுப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் ஆஸ்பத்திரிகள் ஆபரேஷன்களையே தள்ளிப்போட நேர்ந்தது. இரண்டு மாத அசட்டைக்கு அந்த விலை.

மறுபக்கமும் உண்டு. 2024 ஜூலை 19-ல் க்ரவுட்ஸ்ட்ரைக் கம்பெனி அனுப்பிய பழுதான திருத்தம் ஒன்று தானாகவே எங்கும் போய்ச் சேர்ந்து, சுமார் 85 லட்சம் விண்டோஸ் யந்திரங்களை முடக்கியது. நம் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள்.

ஆகவே திருத்தம் வரட்டும். டேட்டாபேஸுக்கு மட்டும் நாம் சொல்கிற நேரத்தில் வரட்டும். வேலையாளின் விலக்குப் பட்டியலில் டேட்டாபேஸின் பெயரை எழுதலாம். அல்லது 'ஆப்ட்-மார்க் ஹோல்ட்' என்று ஒரு கட்டளையால் அதைப் பூட்டலாம். இதில் ஒரு சூட்சுமம்: 'மைஎஸ்க்யூஎல்-ஸர்வர்' என்பது வெறும் மேலுறை. பதிப்பு எண்ணோடு உள்ளே இருக்கும் பொட்டலத்தைப் பூட்டாவிட்டால் பிரயோசனமில்லை. இன்னொருவனும் இருக்கிறான், 'நீட்ரீஸ்டார்ட்' என்று. டேட்டாபேஸைத் தொடாமல் அது நம்பியிருக்கும் வேறொரு சாமானைத் திருத்தினால்கூட, "இதையும் ஒருமுறை கிளப்பிவிடுவோம்" என்று கிளம்பிவிடுவான். அவனுக்கும் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

பிறகு, கூட்டமில்லாத ஓர் இரவைத் தேர்ந்தெடுத்து, முதலில் கணக்குக்கு ஒரு நகல் எடுத்து, அந்த நகலை வேறு யந்திரத்தில் திறந்து பார்த்து (திறக்காத நகலை நான் நம்புவதில்லை), திருத்தத்தையும் அங்கேயே ஒத்திகை பார்த்துவிட்டு, அப்புறம் கடை ஸர்வரில் போட வேண்டும். கிளம்பியவுடன் டேட்டாபேஸ் சற்று மந்தமாக இருக்கும். நினைவில் வைத்திருந்ததையெல்லாம் திரும்பப் படிக்க வேண்டுமல்லவா? பயப்பட வேண்டாம்.

பூட்டைப் போட்டவர் மறந்துவிட்டால் வானாக்ரை கதைதான். பூட்டிய அன்றே, திறக்கும் தேதியைக் காலண்டரில் எழுதச் சொல்லுங்கள். பால் கணக்குக்குப் பக்கத்திலேயே இருந்தாலும் சரி.