445 நாள் நீண்ட ஆண்டு

மாதம் பிறந்தால் நமக்கு வீட்டுக் கடன் தவணை நினைவுக்கு வரும். பண்டைய ரோமானியர்களுக்கும் அப்படித்தான். மாதத்தின் முதல் நாளை அவர்கள் ‘கலெண்டே’ என்றார்கள். கடனுக்கு வட்டி கட்டும் நாள் அது. கடன் கணக்கேட்டின் பெயர் ‘கலெண்டாரியம்’. நம் வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டருக்குப் பெயர் வந்தது அங்கிருந்துதான்.

ரோமானியர்களின் ஆண்டுக்கு 355 நாள்களே. பருவங்களோடு ஒத்துப்போக, அவ்வப்போது ஒரு கூடுதல் மாதத்தைச் சேர்க்க வேண்டும். எப்போது சேர்ப்பது என்பதை முடிவு செய்தவர்கள் குருமார்கள். அவர்களில் பலர் அரசியல்வாதிகள். வேண்டியவர் பதவியில் இருந்தால் ஆண்டு நீளும். வேண்டாதவர் என்றால் சுருங்கும். கடைசியில், பயிர் விளையும் முன்பே அறுவடைத் திருவிழா வந்து நின்றது.

ஜூலியஸ் சீசர் கி.மு. 46ஆம் ஆண்டை 445 நாள்களாக நீட்டி அந்தக் குழப்பத்தைத் தீர்த்தார். மறு ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 365 நாள். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒரு நாள் கூடுதல். இன்றைய பிப்ரவரி 29இன் தொடக்கம் அதுவே.

அதற்குப் பிறகு ஆண்டின் நீளம் ஆளைப் பார்த்து மாறவில்லை. நாள்காட்டி எல்லாருக்கும் பொதுவானது அப்போதுதான்.