குஞ்சுக்குச் சூடு: கருவியும் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும்

கோழிப்பண்ணை நடத்தும் நம்மவர்களில் பலர் இன்னமும் புரூடர் மின்குமிழ்களைக் கையால் போட்டு, கையால் அணைத்து வருகின்றனர். காவலுக்கு இருப்பவர் ஓர் இரவு அயர்ந்துவிட்டால் போதும். குளிரில் ஒன்றன்மேல் ஒன்று ஏறி நசுங்கிச் செத்த குஞ்சுகளைக் காலையில் அள்ள வேண்டியதுதான். போட்ட முதலும் அத்தோடு போய்விடும்.

சூட்டை அளந்து தானாகவே இயங்கும் தெர்மோஸ்டட் பொருத்துவது வீண்செலவல்ல. முதல் வாரம் சுமார் 32 பாகை செல்சியஸ் வைத்து, பின்னர் வாரத்துக்குச் சுமார் 3 பாகை வீதம் குறைத்து வரலாம். வீணாக எரியும் மின்சாரமும் மிச்சமாகும்.

ஆனால், அதன் சென்சரைச் சுவரில் உயரத்தில் மாட்டுவதால் பயனில்லை. குஞ்சின் முதுகு மட்டத்தில், மின்குமிழின் நேர்ச்சூடு படாத இடத்தில் அது இருக்க வேண்டும். குமிழ்கள் அதிகமென்றால் கருவியோடு நேரடியாக இணைக்காமல், கொன்டெக்டர் ஊடாக இணைக்குமாறு மின்வினைஞரிடம் சொல்லுங்கள்.

2022இன் நீண்ட மின்வெட்டுகளையும், 2025 பெப்ரவரி 9இல் நாடு முழுவதும் மின்சாரம் தடைப்பட்டதையும் நாம் மறக்கலாகாது. மின்சாரம் இல்லையேல் கருவி வெறும் பெட்டிதான். எனவே ஜெனரேட்டரோ காஸ் ஹீட்டரோ முதலில் தயாராக இருக்கட்டும். கருவியைப் பிறகு வாங்கலாம்.

குஞ்சுகள் நெருக்கியடித்துக் கிடந்தால் குளிர்; வாய் திறந்து மூச்சு வாங்கியபடி விலகி நின்றால் சூடு அதிகம். வாயில்லா ஜீவன்கள் நம்மிடமுள்ள அமானிதம். கருவி இருந்தாலும் இரவில் ஒரு தடவையேனும் எழுந்துபோய்ப் பாருங்கள்.