மூக்குக்கும் சாதி உண்டோ?

அண்மையில் நம் கைக்கு ஒரு சிறு கண்ணாடிக் குப்பி வந்து சேர்ந்தது. சுண்டுவிரல் நீளமே இருக்கும்; வாயில் ஓர் உருளைக் குண்டு; உள்ளே இளம்பச்சை நிறத்தில் எண்ணெய். பனிக்காலத்துப் பசுமரமும் ஹோலிப் பழமும் கலந்த வாசனைத் தைலம் என்று அதன்மேல் ஒட்டிய சீட்டு பறைசாற்றியது. தோட்டத்தில் பிறந்து ஈப்போவில் வேலை பார்க்கும் இளைஞர் ஒருவர் அதனை மணிக்கட்டிலும் காதோரத்திலும் தடவிக்கொண்டு வந்து, நமக்கும் ஒன்று பரிசாகத் தந்தார். பனியையே கண்டறியாத பேராக்கில் பனிக்கால வாசனை எதற்கு என்று அங்கிருந்த பெரியவர் ஒருவர் நகைத்தார். வாக்குவாதம் முற்றியது.

பெரியவருடைய கட்சி இது: தமிழனுக்குச் சந்தனம் உண்டு, சவ்வாது உண்டு, மல்லிகை உண்டு, அந்நியனுடைய கிறிஸ்துமஸ் மரத்து வாசனை நம் உடம்பில் ஏறுவது பண்பாட்டுக்குக் கேடு. இளைஞருடைய கட்சி இது: உலகம் எங்கேயோ போய்விட்டது, காலமெல்லாம் லயத்து வாடையோடேயே நாம் திரியவேண்டுமா?

நம் அபிப்பிராயத்தில் இருவரும் ஒரே நோய்க்கு ஆளானவர்களே. ஒருவர் தம் மணத்தை உயர்ந்த குலம் என்கிறார். மற்றவர் தம் வீட்டு வாடையைத் தாழ்ந்த குலம் என்கிறார். மனிதனைப் பிரித்த சாதி மூக்குக்குள்ளும் புகுந்து குடியிருக்கிறது என்பதைத் தவிர இதற்கு வேறு பொருள் உண்டோ?

முதலில் பண்பாட்டுக் காவலரை விசாரிப்போம். சந்தனத்துக்கு நாம் பகைவரல்லர். ஆனால், அச்சந்தனம் எல்லார் மார்பிலும் ஒன்றுபோலவா பூசப்பட்டது? மதுரை மீனாட்சியம்மன் கோயில் ஒடுக்கப்பட்டோருக்குக் கதவு திறந்தது 1939ஆம் ஆண்டு ஜூலை மாதத்திலேதான். அதற்கு முன் எத்தனை நூற்றாண்டுகள் உள்ளே சந்தனம் மணந்தது, வெளியே மனிதன் நின்றான்! சந்தனம் பூசிய கைதானே அவனை எட்டி நில் என்று காட்டியது? பெரியவர் புகழும் வாசனைப் பொருள்களிலே புனுகு எங்கிருந்து வருகிறது? ஒரு பூனையின் வாலடிச் சுரப்பியிலிருந்து. பச்சையாக முகர்ந்தால் குடலைப் புரட்டும். சிறிதளவு கலந்தால் திருமேனிக்கே உகந்ததாகிவிடும்!

அந்நிய வாசனை என்னும் வாதமும் நிற்காது. சுமத்ராவின் பாருஸ் துறைமுகம் கற்பூரத்துக்குப் பேர்பெற்றது. அங்கே ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் 1088ஆம் ஆண்டில் பொறித்த தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. வாசனைச் சரக்கைத் தேடிக் கடல் கடந்தவன் தமிழன். அந்தக் கற்பூரத்தின் சாரத்துக்கு இரசாயன நூலார் இட்ட பெயர் போர்னியோல். பனிநாட்டு ஊசியிலை மரங்களின் மணத்துக்கு முக்கிய காரணமான பொருளோ போர்னைல் அசிடேட். அதாவது, அதே போர்னியோலுடன் அசிட்டிக் அமிலம் கூடிப் பிறந்தது. ரப்பர்ப் பாலை உறையவைப்பதற்கு உதவும் அமிலங்களில் அசிட்டிக் அமிலமும் ஒன்று என்பது தோட்டத்தாருக்குத் தெரியும். ஆகவே, குப்பிக்குள் இருக்கும் பனிமரம் கற்பூரத்துக்கும் உறவு, நமது ஸ்டோருக்கும் உறவு.

நிற்க. இனி இளைஞரிடம் வருவோம்.

ஹோலி என்பது ஐரோப்பாவில் வளரும் முள்ளிலை மரம். பெண்மரமே சிவந்த பழம் தரும். அதை மனிதர் உண்டால் வாந்தி வரும். சொல்லிக்கொள்ளத்தக்க வாசனை அப்பழத்துக்குக் கிடையாது! பின், குப்பிக்குள் மணப்பது யாது? வாசனை கூட்டுவோர் தம் கற்பனையால் அமைத்த ஒரு சேர்க்கையே அது. பழத்தின் மணத்தைச் செயற்கையாக உண்டாக்குவதற்கு எஸ்டர் என்னும் இனப் பொருள்கள் பெரிதும் பயன்படுகின்றன. இவற்றின் குலம் கோத்திரத்தை இளைஞர் அறிவாரா?

ஒட்டுப்பால் குவிந்து கிடக்கும்போது எழும் வாடைக்குக் காரணம், பாலிலுள்ள புரதத்தையும் சர்க்கரையையும் நுண்ணுயிர்கள் சிதைப்பதுதான். அப்போது பியூட்ரிக் அமிலம், ஐசோவலெரிக் அமிலம் முதலியவை பிறக்கின்றன. மூக்கைப் பொத்தச் செய்பவை இவையே. ஆனால், அதே பியூட்ரிக் அமிலத்தைச் சாராயத்தோடு கூட்டி எஸ்டராக்கினால் அன்னாசிப்பழம் மணக்கிறது. ஐசோவலெரிக் அமிலத்தின் எஸ்டர்களில் ஆப்பிள் மணப்பதும் உண்டு. வாளியிலிருந்தால் நாற்றம், குப்பியிலிருந்தால் நறுமணம் என்றால், இடையிலே மாறியது அமிலத்தோடு கூடிய துணையும் மேலே ஒட்டிய விலைச்சீட்டுமே.

நாற்றம் என்னும் சொல்லின் கதையும் இதுவே. பழந்தமிழில் அது மணம் என்றே பொருள்பட்டது. அரும்புக்குள் அடங்கிக் கிடக்கும் நறுமணத்தைத் திருவள்ளுவர் நாற்றம் என்றே குறித்தார். பூவுக்குரிய அச்சொல் இன்று சாக்கடைக்குப் போயிற்று. பூவிடமிருந்து பறித்த சொல்லை உழைப்பவன் உடம்பின்மேல் எறிந்திருக்கிறோம்.

இதையெல்லாம் நாம் குற்றமற்றவர்போல் எழுதவில்லை. நாமும் குற்றவாளிகளே. நாம் தோட்டத்தில் கிராணி வேலை பார்ப்பவர். குப்பி கிடைத்த மறுநாள் அதைத் தடவிக்கொண்டே ஸ்டோருக்குப் போனோம். நடுப்பகல், ஒட்டுப்பால் நிறுக்கும் நேரம். குளிரில் மெல்ல மெல்ல எழுவதற்கென்று கனமாகச் சேர்த்த வாசனையாதலால், நம்மூர் வெயிலில் ஒரு துளியே கொட்டகை முழுவதும் பரவியது. முப்பதாண்டுக்கு மேல் பால் வெட்டும் ஓர் அம்மையார் தம் வாளியைத் தராசில் வைத்தார். வழக்கமாக நம் மேசையருகே வந்து, முள் நிற்பதைப் பார்த்து, நாம் எழுதும் எண்ணையும் பார்த்துவிட்டே போவார். அன்று நான்கடி தள்ளி நின்றார்.

“வந்து எடையைப் பாருங்கள் அம்மா” என்றோம்.

“இருக்கட்டும் ஐயா. நீங்க மணமா இருக்கீங்க. எம்மேல பால் வாடை. நீங்களே எழுதிக்குங்க” என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எண்ணைச் சரியாகத்தான் எழுதினோம். ஆனால், அந்த எண்ணிலே அவருடைய கூலி இருக்கிறது. அதைச் சரிபார்ப்பது அவருடைய உரிமை. எந்தச் சட்டமும் பறிக்காத அந்த உரிமையை நம் மணிக்கட்டிலிருந்த ஒரு துளி எண்ணெய் பறித்துவிட்டது. நாம் விலகச் சொல்லவில்லை, அவரே விலகினார். தீண்டாமையின் முழு வெற்றி அதுவல்லவா? தள்ளுகிறவன் கை ஓங்கவேண்டிய அவசியமே இல்லாமற் போவதுதானே அது?

1929ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் பெரியார் மலாயாவுக்கு வந்து, இதே ஈப்போவில் கூடிய தமிழர் மாநாட்டில் பேசினார். அதற்குப் பின் எத்தனை மேடைகள், எத்தனை தீர்மானங்கள்! பெயருக்குப் பின்னிருந்த சாதிப் பட்டத்தைப் பலர் எறிந்தார்கள். ஆனால், பேருந்தில் பால் வெட்டுபவர் பக்கத்தில் அமர்ந்தால் முகத்தைத் திருப்பும் வழக்கத்தை எறிந்தவர் எத்தனை பேர்? பெண் பார்க்கப் போன வீட்டில் தாயின் கையை முகர்ந்து குலத்தை எடைபோடும் நெஞ்சு நமக்குள் இல்லையென்று எத்தனை பேர் சத்தியம் செய்யக்கூடும்?

பேராக்கில் பனிக்காலம் இல்லை என்று பெரியவர் நகைத்தார். அதுவும் பிழை. 1877ஆம் ஆண்டு கோலகங்சாரில் நட்ட கன்றுகளோடு பேராக்குக்கு வந்த ரப்பர் மரம், ஆண்டுதோறும் பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையிலான மாதங்களில் இலையை உதிர்க்கிறது. பால் குறைகிறது, எடை குறைகிறது, எடைக்கேற்ற கூலியும் குறைகிறது. துரைமார் இதற்கு விண்டரிங் என்றே பெயரிட்டனர். எடைக்குக் கூலி வாங்குபவனுக்கு அதுவே பனிக்காலம். அந்தப் பனியைக் கண்டவன்தான் அடுப்பெரியாத வீட்டின் குளிரை அறிவான்.

பசுமை மாறாத மரமும் சிவந்த பழமும் வேண்டுமா? தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கட்டும். ரப்பரை வெட்டிச் சாய்த்த நிலமெங்கும் செம்பனை நிற்கிறது. அது இலையுதிர் காலம் அறியாது. அதன் குலை சிவந்திருக்கிறது. அது வந்த இடங்களில் லயங்கள் பல காலியாயின. நம்மவர் நகரத்தின் ஓரங்களுக்குச் சிதறினர். வாசனைத் தைலங்கள் சிலவற்றில் மணத்தைத் தாங்கி நிற்கும் மெல்லெண்ணெயும் தேங்காயிலிருந்தோ செம்பனைக் கொட்டையிலிருந்தோ பிரித்ததே. தோட்டத்தை விட்டு ஓடுவதாக எண்ணி நாம் பூசுவதிலும் தோட்டம் இருக்கக்கூடும்.

ஆகவே, இளைஞரே, பூசுங்கள். பனிமரமோ, சந்தனமோ, உங்களுக்குப் பிடித்ததைப் பூசுங்கள். மணக்க விரும்புவது குற்றமன்று. அதற்கு எவரிடமும் அனுமதி கேட்கவும் வேண்டாம். ஆனால், நீங்கள் அக்குப்பியை வாங்குமளவுக்குப் படிக்கவைத்தது எந்த வாளி என்பதை மறவாதீர்கள். பூசிய கையோடு வீட்டுக்குப் போய் அம்மாவின் பக்கத்தில் உட்காருங்கள். அவர் தள்ளி அமர்ந்தால், நீங்கள் நெருங்கி அமருங்கள். பெரியவரே, உங்கள் சந்தனத்துக்கும் இதுவே விதி.

நம் பங்குக்கு நாம் செய்தது சிறிது. இப்போது நிறுக்கும் நேரத்தில் நாம் எதையும் பூசுவதில்லை. மேசையையும் தராசுக்குப் பக்கத்திலேயே இழுத்துப் போட்டுவிட்டோம். மறுவாரம் அந்த அம்மையார் அருகே வந்து, எண்ணைப் பார்த்து, அரைக் கிலோ குறைகிறது என்று சண்டையிட்டார். முள்ளைத் திரும்பப் பார்த்தோம். அவர் சொன்னதே சரி.